டிசம்பரில் ஸ்ரீநகர் லோடு: பத்துச் சக்கர லாரிக்கு டயர் செயின் மாட்டுவது எப்படி?

ஓமலூர் தம்பி ஒருவர் கேட்ட கேள்வி இது. அப்பாவின் பத்துச் சக்கர லாரியை இப்போது இவர்தான் பார்த்துக்கொள்கிறார். டிசம்பர் கடைசியில் ஸ்ரீநகருக்கு ஒரு லோடு கிடைத்திருக்கிறது, திரும்பும்போது ஆப்பிள். டிரைவர் நல்ல அனுபவசாலி, ஆனால் பனி விழுந்த ரோட்டைக் கண்ணால் பார்த்ததில்லை. டயர் செயின், அதாவது பனியில் வழுக்காமல் இருக்க டயரைச் சுற்றி மாட்டும் இரும்புச் சங்கிலி, வாங்கியே ஆக வேண்டுமா, எந்தச் சக்கரத்தில் எப்படி மாட்டுவது, மாட்டிவிட்டால் தைரியமாகப் போகலாமா என்கிறார்.

தம்பி, வாங்கியே ஆக வேண்டும். பனி விழுகிற நாட்களில் செயின் இல்லாத வண்டியைச் சில இடங்களில் போலீஸ் மேலே ஏற விடவே மாட்டார்கள். மாட்டுவது எப்படி என்று விளக்கமாகச் சொல்கிறேன். கடைசிக் கேள்விக்கு மட்டும் இப்போதே பதில். தைரியமாகப் போவதற்காக யாரும் செயின் மாட்டுவதில்லை. மெதுவாகப் போய், நிற்க வேண்டிய இடத்தில் நிற்பதற்காக மாட்டுகிறோம். இன்னொன்று: வண்டி தொப்பூர் மலை ரோட்டில் ஏறுவதற்கு முன்பே, உங்கள் ஷெட்டிலேயே, டிரைவரும் கூடப் போகிறவரும் அந்தச் செயினை ஐந்தாறு தடவை மாட்டிக் கழற்றிப் பழகியிருக்க வேண்டும். நம் ஊரில் இதை யாரும் செய்வதில்லை. சங்ககிரி, சேலம் வண்டிகளில் 26 வருடம் ஓட்டிய நானும் முதல் தடவை செய்யவில்லை. அதனால் என்ன பட்டேன் என்பது பின்னால் வருகிறது.

முதலில் ரோட்டைப் புரிந்துகொள்ள வேண்டும். நமக்குப் பனி என்றால் ஒரே சொல்தான். ஏற்காட்டு ஏரியை மூடுகிற மூட்டமும் பனி, மார்கழியில் புல் நுனியில் நிற்பதும் பனி. அங்கே அந்த ஒரு சொல்லுக்குள் நாலு விதமான ரோடு இருக்கிறது. புதிதாக விழுந்து பஞ்சு மாதிரி கிடப்பது ஒன்று. வண்டிகள் மிதித்து மிதித்துப் பலகை போல இறுகிப்போனது இன்னொன்று. பகலில் உருகிச் சேறாகக் கிடப்பது மூன்றாவது. இரவில் அந்தச் சேறும் தண்ணீரும் உறைந்து கண்ணாடியாக நிற்பது நாலாவது. செயின் நன்றாக வேலை செய்வது இரண்டாவதில், அதாவது இறுகிய பனியில். கண்ணாடி ஐஸிலும் உதவும், ஆனால் அதை நம்பி வேகம் எடுக்கக் கூடாது.

அந்த நாலாவதுதான் ஆளைக் கொல்லும். பார்த்தால் ரோடு சும்மா ஈரமாக, கருப்பாகத் தெரியும். முன்னால் போகிற வண்டியின் டயரைக் கவனியுங்கள். ரோடு ஈரமாகத் தெரிந்தும் டயரிலிருந்து தண்ணீர் தெறிக்கவில்லை என்றால் அது தண்ணீர் இல்லை, ஐஸ். பாலத்தின் மேல், வெயில் படாத வளைவில், மலை நிழலில் இது முதலில் உருவாகும். கடும் குளிரைவிடப் பூஜ்யம் டிகிரியை ஒட்டித்தான் அதிகம் வழுக்கும், ஏனென்றால் ஐஸின் மேல் மெல்லிய தண்ணீர்ப் படலம் இருக்கும். அதனால் 'இன்றைக்குக் குளிர் கம்மிதான்' என்று டிரைவர் போனில் சொன்னால் நீங்கள் நிம்மதி அடைய வேண்டாம்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 40 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் அடித்தால் காய்ந்த தார் ரோட்டில் சுமார் 10, 12 மீட்டரில் வண்டி நின்றுவிடும். இறுகிய பனியில் அதே வண்டிக்கு 30 மீட்டர் வேண்டும். ஐஸில் 60 மீட்டருக்கு மேல். டிரைவர் பார்த்து, யோசித்து, காலை வைக்கிற நேரம் இதில் சேரவில்லை.

நிற்பது அப்படி என்றால், ஏறுவது இன்னும் மோசம். லோடோடு உங்கள் வண்டி 28 டன் என்று வையுங்கள். அதில் இழுக்கிற ஆக்சில் மேல் உட்கார்ந்திருப்பது சுமார் 10 டன். ஐஸில் டயருக்குக் கிடைக்கும் பிடிப்பு, மேலே இருக்கிற எடையில் பத்தில் ஒரு பங்குதான். ஆக, ஒரு டன் அளவுக்குத்தான் அந்த டயர்களால் இழுக்க முடியும். நூறு அடிக்கு நாலு அடி உயரும் சாதாரண ஏற்றத்திலேயே 28 டன் வண்டி 1.1 டன் விசையோடு பின்னால் இழுக்கும். கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது. இன்ஜினில் எத்தனை குதிரை சக்தி இருந்தாலும் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும், ஏறாது. செயினின் இரும்பு ஐஸைக் கடித்துப் பிடிப்பைக் கூட்டும்போதுதான் வண்டி நகரும்.

இதனால்தான் எந்தச் சக்கரம் என்ற கேள்வி முக்கியம். பத்துச் சக்கர வண்டியில் பின்னால் இரண்டு ஆக்சில் இருந்தாலும், நம் லோடு வண்டிகள் பெரும்பாலானவற்றில் ஒன்றுதான் இழுக்கும், இன்னொன்று எடையைத் தாங்கிச் சும்மா உருளும் டம்மி. வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். கியர் பாக்ஸிலிருந்து வரும் ஷாப்ட் எந்த ஹவுசிங்கில் போய்ச் சேர்கிறதோ அதுதான் இழுக்கிற ஆக்சில். செயின் முதலில் அங்கே, இரண்டு பக்கமும். ஒரு பக்கம் மட்டும் மாட்டி 'சமாளிக்கலாம்' என்பது நடக்காது. செயின் மாட்டாத பக்கம் சும்மா சுற்றும், இரண்டு பக்கச் சக்கரத்துக்கும் சுற்றலைப் பிரித்துக் கொடுக்கும் கிரவுன் அந்தப் பக்கத்துக்கே அதைக் கொடுத்துவிடும், மாட்டிய பக்கம் அசையாமல் நிற்கும். டம்மி ஆக்சிலில் மாட்டிவிட்டு வண்டி ஏறவில்லை என்று நின்றவர்களையும் பார்த்திருக்கிறேன். ஷாப்ட் இரண்டு ஹவுசிங்குக்கும் போகிற வண்டியாக இருந்தால் இரண்டு ஆக்சிலுக்கும் மாட்ட வேண்டும்.

ஜோடி டயரில் வெளி டயருக்கு மட்டும் மாட்டுகிற ஒற்றைச் செயின் உண்டு, உள் டயரையும் சேர்த்துப் பிடிக்கிற இரட்டைச் செயினும் உண்டு. இரட்டை நன்றாகப் பிடிக்கும், ஆனால் கனம் அதிகம், புதிதாகப் பழகுகிறவர்கள் மாட்டத் திணறுவார்கள். முதல் தடவைக்கு ஒற்றையை நன்றாகப் பழகுங்கள். முன் சக்கரத்துக்கும் ஒரு ஜோடி வைத்திருப்பது நல்லது என்பது என் கருத்து. இறக்கத்தில் ஐஸ் மேல் முன் டயர் வழுக்கினால் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி நேராகத்தான் போகும். முன்னால் மாட்டினால் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பி, செயின் பிரேக் ஹோஸிலோ ராடிலோ உரசுகிறதா என்று ஷெட்டிலேயே பார்த்துவிடுங்கள். வாங்கும்போது டயரில் எழுதியிருக்கும் அளவைச் சொல்லி வாங்குங்கள். 10.00 ஆர் 20 டயருக்கு வாங்கியது 295/90 ஆர் 20 டயருக்குச் சரியாக உட்காருமா என்பதை மாட்டிப் பார்க்காமல் நம்பக் கூடாது.

இதன் பூர்வீகம் ஒரு வரி. டயர் செயினுக்கு 1904இல் காப்புரிமை வாங்கியவர் நியூயார்க் மாநிலத்துக்காரர், ஹாரி வீட் என்று பெயர். அதற்கு முன் அங்கே சேற்றில் சிக்கும் கார்களுக்குச் சக்கரத்தில் கயிறு சுற்றியிருக்கிறார்கள். நம் பக்கம் ஐப்பசி மழையில் குச்சிக்கிழங்கு லோடு காட்டுக்குள் மாட்டிக்கொண்டால் டயரில் கயிறு சுற்றி வெளியே எடுப்போமே, அதே யோசனைதான்.

சரி, இனி மாட்டுவது. ஜாக்கி வேண்டாம். சமதளத்தில், மற்ற வண்டிகளுக்கு வழி விட்டு நிறுத்தி, நாலு பக்க இண்டிகேட்டரைப் போட்டு, செயின் மாட்டாத சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். பழைய தார்ப்பாய்த் துண்டு ஒன்றைக் கீழே விரித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் முழங்கால் நனைந்து பத்து நிமிடத்தில் உடம்பு நடுங்க ஆரம்பிக்கும். செயினைத் தரையில் ஏணி மாதிரி நீளமாக விரித்து, எங்காவது முறுக்கு இருக்கிறதா என்று ஒவ்வொரு கண்ணியாகத் தடவிப் பாருங்கள். குறுக்குச் சங்கிலிகளின் கொக்கி முனைகள் டயரைப் பார்க்காமல் வெளியே பார்க்க வேண்டும். இதை மட்டும் மறக்கவே கூடாது. உள்ளே பார்த்தால் அந்த முனை ஓட ஓட டயரின் பக்கச் சுவரை அறுத்துக்கொண்டே இருக்கும்.

விரித்த செயினைத் தூக்கி டயரின் மேல் போர்வை மாதிரி போடுங்கள். இரண்டு ஓரமும் சமமாகத் தொங்க வேண்டும். தரையில் படும் முனையை டயரை ஒட்டி உள்ளே தள்ளிவிட்டு, ஆள் வெளியே வந்து கை காட்டிய பிறகு, கட்டையை எடுத்து டிரைவர் வண்டியை ஓரிரு அடி மட்டும் நகர்த்த வேண்டும். கை காட்டினால் போதாது, வாய் விட்டு 'வா' என்றும் 'நில்' என்றும் சொல்கிற பழக்கம் வையுங்கள். இரண்டு முனையும் கைக்கு எட்டும் உயரத்துக்கு வந்ததும் நிறுத்தி, மறுபடி கட்டை கொடுத்துவிட்டு, உள்பக்கக் கொக்கியை முதலில் மாட்டுங்கள். எவ்வளவு இறுக்க முடியுமோ அவ்வளவு. பிறகு வெளிப்பக்கம். மீந்து தொங்கும் கண்ணிகளைக் கட்டுக்கம்பியால் கட்டிவிடுங்கள், அவை சும்மா ஆடக் கூடாது.

சாவி போட்டுத் திருகி இறுக்குகிற செயின் என்றால் எல்லாத் திருகையும் ஒரே அளவு இறுக்குங்கள். கொக்கி மட்டும் உள்ள சாதாரணச் செயினுக்கு நாங்கள் பழைய டியூபை இரண்டு விரல் அகலத்துக்கு வளையமாக வெட்டி, வெளிப்பக்கச் சங்கிலியில் நட்சத்திரம் போல் ஐந்து இடத்தில் இழுத்து மாட்டுவோம். நல்ல ரப்பர் டியூபாகப் பார்த்துச் சேலத்திலேயே வெட்டி ஒரு பையில் போட்டுக் கொடுத்துவிடுங்கள். அப்புறம் அரைக் கிலோமீட்டர் போய் நிறுத்தி மறுபடி இறுக்க வேண்டும். முதல் தடவை எவ்வளவு இறுக்கியிருந்தாலும் செயின் உட்கார்ந்து தளர்ந்திருக்கும். டயரில் காற்றைக் குறைத்து மாட்டுவது, மாட்டிய பின் காற்று அடிப்பது என்று சிலர் சொல்வார்கள். லோடு வண்டியில் அதைச் செய்ய வேண்டாம்.

இப்போது என் கதை. ஸ்ரீநகர் போகும் வழியில் பானிஹால் பக்கம் புது டனல் வருவதற்கு முன்பு, பழைய ஜவஹர் டனலுக்கு ஏறுகிற ரோடு. கீழே பானிஹாலில் எல்லா லாரிக்காரர்களும் செயின் மாட்டிக்கொண்டிருந்தார்கள். ரோடு அங்கே வெறும் ஈரம்தான், மேலே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நான் ஏறிவிட்டேன். நாலாவது வளைவில் சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. பிரேக்கில் கால் இருக்கும்போதே வண்டி பின்னால் நகர்ந்தது. கிளீனர் பையன் குதித்துக் கட்டை போட்டான், கட்டையும் சேர்ந்து வழுக்கியது. மலைப் பக்க ஓரத்தில் குவித்திருந்த பனியில் பின் டயர் முட்டியதால் நின்றது. இன்னொரு பக்கம் பள்ளம்.

டூல் பாக்ஸ் மூடி உறைந்து திறக்கவில்லை, லிவரால் நெம்பினோம். செயின் ஒரே உருண்டையாகச் சிக்கிக் கிடந்தது. கையுறை இல்லை. விரல் மரத்துப்போய்க் கொக்கி கையில் இருக்கிறதா விழுந்துவிட்டதா என்றே தெரியவில்லை, கண்ணால் பார்த்துப் பார்த்து மாட்டினேன். ஒன்றரை மணி நேரம். கொக்கி உள்ளே பார்த்திருந்ததும், உள்பக்கம் லூசாக இருந்ததும் அந்த இருட்டில் தெரியவில்லை. கொஞ்ச தூரம்தான் போயிருப்போம், அறுந்த செயின் சுழன்று பிரேக்குக்குக் காற்று போகும் ஏர் ஹோஸை அடித்தது. புஸ்ஸென்று காற்று இறங்கி, பிரேக் தானாகப் பிடித்து வண்டி நடு ரோட்டில் நின்றுவிட்டது. ராத்திரி முழுக்க எங்களுக்குப் பின்னால் வண்டிகள் வரிசையாக நின்றன. காலையில் ஒரு பஞ்சாபி டிரைவர் வந்து ஹோஸைச் சரிசெய்ய உதவி, என் செயினைப் பனியில் விரித்துப் போட்டு, கொக்கியை விரலால் தட்டித் தட்டி 'பாஹர், பாஹர்' என்றார். வெளியே, வெளியே. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. செயினைச் சமதளத்தில், தேவைப்படுவதற்கு முன்பே மாட்ட வேண்டும் என்பதை உங்கள் டிரைவருக்கு நான் இவ்வளவு அழுத்திச் சொல்வது அதனால்தான்.

ஓட்டுவதைப் பற்றிக் கொஞ்சம். மாட்டிய பிறகு 30 கிலோமீட்டர் வேகம் போதும், எந்த நிலையிலும் 50ஐத் தொடக் கூடாது. சக்கரத்தைச் சுழல விடக் கூடாது. சுழல்கிற சக்கரம் திடீரென்று பிடிக்கும்போதுதான் செயின் அறும். சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ஓட்டச் சொல்லுங்கள். சீராக 'தடதட' என்று வரும். நடுவே 'டங்' என்று தனியாக ஒரு அடி கேட்டால் ஒரு கண்ணி போயிருக்கிறது, உடனே ஓரம் கட்ட வேண்டும். பனி முடிந்து தார் ரோடு வந்ததும் கழற்றிவிட வேண்டும். வெறும் ரோட்டில் ஓடினால் செயின் சீக்கிரம் தேய்ந்து அறுந்து மட்கார்டையும் ஹோஸையும் உடைக்கும்.

தொப்பூரில் நியூட்ரலில் இறக்குகிறவர்களை உங்களுக்குத் தெரியும், அதன் விளைவுகளையும் தெரியும். பனியில் அந்தப் பழக்கம் உள்ளவர் வேண்டவே வேண்டாம். ஆனால் தொப்பூரில் நல்ல டிரைவர் செய்கிற ஒரு காரியமும் அங்கே ஆபத்து: எக்ஸாஸ்ட் பிரேக், அதாவது புகை போகும் வழியை அடைத்து இன்ஜினாலேயே வேகத்தைக் குறைப்பது. அது இழுக்கிற சக்கரங்களை மட்டும்தான் பிடிக்கும். ஐஸில் அவை லாக் ஆனால் வண்டியின் பின்பக்கம் பக்கவாட்டில் போய்விடும். சின்ன கியரில் இன்ஜின் வேகத்திலேயே இறக்க வேண்டும், கியரை இறக்கத்தின் உச்சியிலேயே போட்டுவிட வேண்டும். அப்படியும் பின்பக்கம் இழுத்தால் பிரேக்கை விட்டு, கிளட்சை மிதித்து, சக்கரத்தை உருள விட வேண்டும். முன் வண்டிக்கும் நமக்கும் இடைவெளி வழக்கத்தைவிட ஐந்தாறு மடங்கு.

செயினைத் தவிர வண்டியில் பார்க்க வேண்டியவை உண்டு. ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் இருந்தால் உறைந்து பிளாக்கையே பிளந்துவிடும். பாதிக்குப் பாதி கூலண்ட் கலந்தால் மைனஸ் 35 டிகிரி வரை தாங்கும். ஏர் டேங்கில் சேரும் தண்ணீரைத் தினமும் இறக்க வேண்டும், அது லைனில் உறைந்தால் பிரேக் வேலை செய்யாது. ஏர் டிரையரையும் கிளம்புமுன் மாற்றிவிடுங்கள். பி.எஸ். 6 வண்டி என்றால், புகையைச் சுத்தம் செய்ய ஊற்றும் ஆட்புளூ திரவம் மைனஸ் 11 டிகிரியில் உறையும், அதன் டேங்கை விளிம்பு வரை நிரப்பாதீர்கள். டீசலை வழியில் குளிர்ப் பகுதி பங்கில் நிரப்பிக்கொள்வது நல்லது, நம் ஊர் டீசலில் மெழுகு கட்டி ஃபில்டர் அடைத்துவிடும். லடாக் குளிருக்கென்றே மைனஸ் 33 டிகிரி வரை ஓடக்கூடிய டீசலை இந்தியன் ஆயில் 2019இல் கொண்டுவந்தது, ஸ்ரீநகர் ரோட்டுக்கு அவ்வளவு தேவைப்படாது. ராத்திரி நிறுத்தும்போது பிரேக் ஈரமாக இருந்தால் ஷூ டிரம்மோடு ஒட்டி உறையும். சமதளமாகப் பார்த்து, கியரில் போட்டு, கட்டை கொடுத்து நிறுத்துவதே நல்லது. டூல் பாக்ஸில் மண்வெட்டி, அரை மூட்டை மணல், நாலு சாக்கு, ரப்பர் கையுறை இரண்டு ஜோடி, தலையில் மாட்டும் டார்ச். செயின் எல்லாவற்றுக்கும் மேலே இருக்க வேண்டும்.

ரோடு முன்பைவிட நன்றாகத்தான் இருக்கிறது. சேலம் வழியாகப் போகிற அதே 44ஆம் எண் நெடுஞ்சாலைதான் ஸ்ரீநகர் வரை. செனானி-நஷ்ரி டனல் 2017இல் திறந்தது, 9 கிலோமீட்டருக்கு மேல். பானிஹால்-காஜிகுண்ட் டனல் 2021இல் வந்தது, எட்டரை கிலோமீட்டர். பழைய ஜவஹர் டனலைவிட இது சுமார் 400 மீட்டர் தாழ்வாகப் போவதால் நான் மாட்டிக்கொண்ட ஏற்றமே இப்போது தேவையில்லை. ஆனால் ராம்பன் முதல் பானிஹால் வரை மலைச் சரிவும் கல் விழுவதும் இன்னும் உண்டு. ரோட்டு நிலையைப் பார்த்து, லாரிகளை ஒரு நாள் ஒரு பக்கமிருந்து மட்டும் விடுவார்கள். அன்றைய அறிவிப்பைப் பார்க்காமல் உதம்பூரைத் தாண்டக் கூடாது. டிசம்பர் 21இலிருந்து 40 நாளை அங்கே சில்லை கலான் என்கிறார்கள், வருடத்திலேயே கடும் குளிர் அப்போதுதான். உங்கள் லோடு சரியாக அதற்குள் விழுகிறது. ஒரு வாரம் முன்னால் தள்ள முடியுமா என்று பார்ட்டியிடம் கேட்டுப் பாருங்கள். ஸ்ரீநகரைத் தாண்டி கார்கில் பக்கம் லோடு இருக்கிறது என்று யாராவது ஆசை காட்டினால் இந்த முறை வேண்டாம். அந்த வழியில் இருக்கிற சோஜிலா கணவாய் 11,500 அடிக்கு மேல், முதல் பனிக்கான இடம் அது இல்லை.

கடைசியாக, இது டிரைவருக்கு இல்லை, உங்களுக்கு. பனியில் ஏறக் கூடாத நேரத்தில் ஏறுகிறவர்களில் பெரும்பாலானோர் ஓனரின் போனுக்குப் பயந்துதான் ஏறுகிறார்கள். நானும் அன்று அப்படித்தான், 'இன்னும் பானிஹாலிலேயா இருக்கே' என்ற ஒரு கேள்விக்குப் பயந்து ஏறினேன். உதம்பூரிலோ காஜிகுண்டிலோ மூன்று நாள் நின்றாலும் தினப் பேட்டா உண்டு, சாப்பாட்டுக்கும் கம்பளிக்கும் பணம் தனியாக உண்டு, ஏறலாமா வேண்டாமா என்பது அவர் முடிவு என்று ஷெட்டை விட்டு வண்டி கிளம்பும் முன்பே அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுங்கள். கூடப் போகிறவர் முன்னாலேயே சொல்லுங்கள்.